ஜார்ஜ் லென்னியைக் காப்பாத்தினானா, கைக்குள்ள வச்சுக்கிட்டானா?

கரிசல்காரன்:
அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கோட 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' (1937) குறுநாவலை ரெண்டாம் தடவை படிச்சு முடிச்சேன். மனவளர்ச்சி குறைஞ்ச லென்னியைக் கூடவே வச்சுப் பார்த்துக்கற கூலிக்காரன் ஜார்ஜ், முதல் தடவை எனக்கு தெய்வமாத் தெரிஞ்சான். இப்போ இல்லை. ஆரம்பத்துலயே லென்னி பாக்கெட்ல வச்சிருந்த செத்த எலியைப் பிடுங்கி வீசறான். வேலைக்குப் போற இடத்துல நீ வாயே திறக்காதேங்கறான். நீ இல்லாட்டி நான் நிம்மதியா இருப்பேன்னு சொல்லிச் சொல்லியே அவனை நடுங்க வைக்கிறான். இதுக்குப் பேர் நட்பா?

மலர்விழி:
வாயைத் திறந்தா வேலை போயிடும், தம்பி. கலிஃபோர்னியாவுல பண்ணை பண்ணையா அலையற கூலிங்க. மாசம் 50 டாலர், படுக்க ஒரு கட்டில், அவ்வளவுதான். வீட்ங்கிற ஊர்ல ஒரு பொண்ணோட சிவப்பு கவுனைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டான் லென்னி. அவ கத்தினதும் பயத்துல இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். ஊரே துரத்துது. ஜார்ஜ் தனியா ஓடியிருக்கலாமே? அவனோட சேர்ந்து வாய்க்கால் தண்ணிக்குள்ள தலையை மட்டும் நீட்டிக்கிட்டுக் கிடந்தான்.

கரிசல்காரன்:
நீச்சல் தெரியாதவனை சாக்ரமெண்டோ ஆத்துல குதிக்கச் சொன்னதும் அதே ஜார்ஜ்தான். சுத்தி நின்னவங்களுக்கு வேடிக்கை காட்ட!

மலர்விழி:
அதை நமக்குச் சொன்னது யாரு? அவனேதான் பண்ணையில கூட வேலை பார்க்கற ஸ்லிம்கிட்ட மனசு விட்டுச் சொல்றான். குதிக்கச் சொன்னதையே மறந்துட்டு, தூக்கி விட்டதுக்கு லென்னி நன்றி சொன்னானாம். அன்னிக்கோட ஜார்ஜ் அந்த விளையாட்டை விட்டுட்டான்.

ஆத்தங்கரை:
எங்க சித்தப்பா மனவளர்ச்சி குறைஞ்சவர். அப்பாதான் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டார். கோபம் வந்தா "உன்னால என் பொழப்பே போச்சு"ன்னு கத்துவார். ஆனா மீனை முள் எடுத்துத்தான் அவர் தட்டுல வைப்பார். சித்தப்பா போன பிறகும் ரொம்ப நாள் அப்பா கை தன்னால முள்ளெடுத்து இலை ஓரத்துல ஒதுக்கி வச்சது. எதுக்குச் சொல்றேன்னா, சார்ந்து இருந்தது லென்னி மட்டுமில்லை. முதலாளி மகன் கர்லியோட பொண்டாட்டி லென்னி கையால செத்துக் கிடக்கிறதைப் பார்த்ததும், சொந்த நிலம் வாங்கி முயல் வளர்க்கலாம்னு ரெண்டு பேரும் கண்ட பண்ணைக் கனவையே ஜார்ஜ் கை கழுவிடறான். நிலம் வாங்க, பண்ணையில வேலை பார்க்கற கிழவன் கேண்டி தர்றதாச் சொன்ன 350 டாலர் அப்படியே இருக்கு. நிலத்துக்குக் கேட்ட விலையே 600தான். கேண்டி கெஞ்சறான். முயலைப் பத்தி திரும்பத் திரும்பக் கேட்க ஆள் இல்லாட்டி அந்த நிலம் அவனுக்கு எதுக்கு?

கரிசல்காரன்:
உங்க அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா கடைசியில ஜார்ஜ் லென்னியைச் சுட்ட மாதிரி அவர் துப்பாக்கி எடுக்கலையே. கேண்டியோட கிழட்டு நாயை இன்னொரு கூலியான கார்ல்சன் சுட்டான். நானே சுட்டிருக்கணும்னு கேண்டி அப்புறம் புலம்பறான். லென்னிக்கும் அதே துப்பாக்கி, அதே மாதிரி பின்னந்தலையில. மனுசனையும் நாயையும் ஒரே தட்டுல வைக்கிறதைத்தான் என்னால ஏத்துக்க முடியலை. வீட்ங்கிற அந்த ஊர்ல இருந்து லென்னியோட ஓடினவன் இங்கிருந்தும் ஓடிப் பார்த்திருக்கலாம்.

மலர்விழி:
வயித்துல சுடுவேன்னு கர்லி ஆளுங்களோட கிளம்பிட்டான். உயிரோட பிடிச்சாலும் கட்டிப்போட்டுக் கூண்டுல அடைப்பாங்கன்னு ஸ்லிம்மே சொல்றான்.

கரிசல்காரன்:
சரிக்கா. ஆனா தொப்பியைக் கழட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் பாருன்னு சொல்லி, வழக்கமாச் சொல்ற பண்ணைக் கதையைச் சொல்லிக்கிட்டே சுடறான். லென்னி வச்ச நம்பிக்கையை அந்த நேரத்துலயும் எடுத்துப் பயன்படுத்தினான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறலை.

மலர்விழி:
அந்தக் கதையாலதான் லென்னி பயப்படாமப் போனான். கை நடுங்கினது ஜார்ஜுக்கு.