இரண்டு ஃபைபர் லைன் இருந்தும் ஒரு லைன் வேகம்தான் வருகிறது: உதவுங்கள்

காரைக்குடி எடிட்டர்:
வணக்கம். வீட்டிலேயே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு 80 ஜிபி வரை ஆன்லைன் டிரைவில் ஏற்ற வேண்டியிருக்கிறது. 100 எம்பிபிஎஸ் லைனில் எல்லாம் சரியாகப் போனாலே கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதனால் வேறொரு நிறுவனத்தில் இன்னொரு 100 எம்பிபிஎஸ் லைன் வாங்கி, இரண்டு நெட் லைனை ஏற்கும் டூயல் வான் ரவுட்டர் ஒன்றில் இரண்டையும் செருகினேன். முதல் லைன் வேலை செய்கிறது. இரண்டாவது லைன் விளக்கு எரிகிறது, ஆனால் நெட் வரவில்லை. அந்தக் கேபிளை லேப்டாப்பில் நேராகச் செருகினால் நன்றாக வருகிறது. முகூர்த்த மாதம் நெருங்குகிறது, எங்கே தவறு?

வடம் பிடிப்பவன்:
தம்பி, இரண்டு ஃபைபர் பெட்டிகளின் ஐபி முகவரியையும் பாருங்கள். இரண்டுமே 192.168.1.1 ஆக இருந்தால் ரவுட்டருக்கு எந்தப் பக்கம் அனுப்புவது என்றே தெரியாது. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருப்பது போல. ஒன்றை 192.168.2.1 என்று மாற்றுங்கள். ரவுட்டரின் உள்பக்க முகவரி இந்த இரண்டிலும் சேராமல் 192.168.10.1 போல இருக்கட்டும்.

காரைக்குடி எடிட்டர்:
அண்ணா, அதேதான்! மாற்றியதும் இரண்டாவது லைனும் வந்துவிட்டது. ஆனால் ஸ்பீடு டெஸ்டில் இன்னும் 94தான் காட்டுகிறது. 200 வர வேண்டாமா?

வடம் பிடிப்பவன்:
முதலில் கேபிள். ரவுட்டரிலிருந்து கணினிக்கு வரும் கேபிளில் எட்டுக் கம்பியும் சரியாக இருந்தால்தான் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். ஒரு கம்பி விட்டுப்போனாலும் 100க்கு இறங்கிவிடும், அப்போது இந்த 94தான் காட்டும். கணினியில் லிங்க் வேகம் 1000 என்று வருகிறதா பாருங்கள்.

காரைக்குடி எடிட்டர்:
1000 என்றுதான் வருகிறது அண்ணா.

பாக்கெட் பாலு:
அப்படியானால் ரவுட்டர் அமைப்புதான். இந்த ரவுட்டர்கள் இரண்டு லைனையும் ஒன்றாக ஒட்டுவதில்லை, ஒவ்வொரு இணைப்பையும் (கணினி ஒரு சர்வரோடு தொடங்கும் ஒரு உரையாடல்) ஏதாவது ஒரு லைனில் ஏற்றிவிடுகின்றன. ஒரே இணைப்பு இரண்டு லைனிலும் பாதிப் பாதியாகப் போகாது. அதோடு, ஒரே கணினியிலிருந்து ஒரே சர்வருக்குப் போவதை எல்லாம் ஒரே லைனில் கட்டிப்போடும் ஒரு வசதி இருக்கும். டிபி-லிங்க் ஓமாடா ரவுட்டரில் அதன் பெயர் அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரவுட்டிங். மைக்ரோடிக் ரவுட்டர் என்றால், இணைப்புகளை லைன்களுக்குப் பிரிக்கும் பிசிசி விதியில் முகவரியோடு போர்ட் எண்ணையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டிப்போடும் வசதியை அணைத்துவிட்டு டெஸ்ட் பண்ணுங்கள்.

ஒரு எச்சரிக்கை: அணைத்தால் வங்கித் தளங்கள் பாதியில் வெளியே தள்ளிவிடலாம். பாதி வழியில் ஐபி மாறுவது அவற்றுக்குப் பிடிக்காது. வீட்டுக் கைபேசிகளை எல்லாம் முதல் லைனில் மட்டும் போகும்படி பாலிசி ரவுட்டிங்கில் (எந்தக் கருவி எந்த லைனில் போக வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) கட்டிவிடுங்கள். எடிட்டிங் கணினிக்கு மட்டும் இரண்டு லைனும்.

காரைக்குடி எடிட்டர்:
அணைத்தேன், டெஸ்டில் 187 வந்தது! ஆனால் 80 ஜிபியை ஒரே ஜிப்பாகக் குரோமில் ஏற்றினால் பழைய வேகம்தான்.

பாக்கெட் பாலு:
ஒரே ஜிப் என்றால் ஒரே இணைப்பு, ஒரே லைன். தனித்தனிக் கோப்பாக விட்டாலும் பிரவுசர் ஒரே தளத்துக்குப் போவதைப் பெரும்பாலும் ஒரே இணைப்பில் அடைத்துவிடும். கோப்புகளை ஆன்லைன் டிரைவுக்கு ஏற்றும் ஆர்குளோன் (rclone) மென்பொருளைப் போடுங்கள். இயல்பாகவே நான்கு கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பும். ஜிப் வேண்டாம், கிளிப்புகளை அப்படியே ஃபோல்டராக விடுங்கள்.

ஒரே கோப்புக்கே 200 வேண்டும் என்றால் அது பாண்டிங், அதாவது இரண்டு லைனையும் ஒன்றாகச் சேர்ப்பது. வெளியே ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்) எடுத்து, வீட்டில் ஓபன்எம்பிடிசிபிரவுட்டர் (OpenMPTCProuter) என்ற மென்பொருளை நிறுவி, பிரித்து அனுப்பியதை அங்கே மறுபடி சேர்க்க வேண்டும். மாத வாடகை உண்டு, லேட்டன்ஸியும் (போய்வரும் தாமதம்) கூடும். உங்கள் வேலைக்கு அது தேவையில்லை.

காரைக்குடி எடிட்டர்:
நேற்று இரவு ஆர்குளோனில் ஒரு முழு கல்யாணத்தையும் விட்டேன். 1 மணி 10 நிமிடத்தில் ஏறிவிட்டது! அம்மாவின் கைபேசியில் வங்கிச் செயலியும் தொல்லை தரவில்லை. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

வடம் பிடிப்பவன்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. இன்னொன்று பாருங்கள்: இரண்டு நிறுவனத்தின் கேபிளும் உங்கள் தெருவில் ஒரே கம்பத்தில் வருகிறதா? வந்தால் ஒரு லாரி இழுத்துப் போனால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். அடுத்த முறை லைன்மேன் வரும்போது ஒன்றையாவது பின்பக்கத் தெரு வழியாக இழுக்கச் சொல்லுங்கள்.