தெரிந்த சொல், தெரியாத பொருள்: ஆங்கிலம் பேசும் நாடுகளில் நம்மவர் அனுபவங்கள்

டப்ளினிலிருந்து:

அயர்லாந்தில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். அறியாத சொல்லைக் கேட்டால் உடனே பொருள் கேட்டுவிடுகிறோம்; நமக்குத் தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் கேட்கத் தோன்றாமல் தலையாட்டிவிட்டு நகர்கிறோம் என்பது இங்கு வந்த பிறகு எனக்கு உறுதிப்பட்டது. நாங்கள் வாடகைக்குப் பார்த்த வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, துவைத்த துண்டுகளை மாடியிலுள்ள 'ஹாட் பிரஸ்'ஸில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நம் ஊரில் பிரஸ் என்றால் அச்சகம், அல்லது பத்திரிகையாளர், அல்லது துணி தேய்ப்பது; ஆகவே என் தோழி மாடி அறைகள் முழுவதும் இஸ்திரிப் பெட்டியைத் தேடினார். அயர்லாந்தில் பிரஸ் என்பது அலமாரி. ஹாட் பிரஸ் என்பது வெந்நீர்த் தொட்டி உள்ளே பொருத்தப்பட்ட அலமாரி. தொட்டிக்கு மேலுள்ள பலகைத் தட்டுகளில் துணிகளை அடுக்கினால் அந்தக் கதகதப்பிலேயே மிச்சமிருக்கும் ஈரமும் போய்விடும். வெயிலை நம்ப முடியாத ஊருக்கு அருமையான ஏற்பாடு.

மருத்துவமனையிலும் இதே கதைதான். மகள் காலையில் தம்மிடம் 'கிவிங் அவுட்' செய்ததாக நோயாளி ஒருவர் சொன்னால், அவள் எதையும் வழங்கவில்லை, அவரைத் திட்டியிருக்கிறாள் என்று பொருள்.

உச்சரிப்பில் மட்டும் தமிழருக்கு இங்கு ஒரு சலுகை உண்டு. நாக்கைப் பற்களுக்கிடையே நீட்டிக் காற்றாக ஒலிக்க வேண்டும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒலியை, ஐரிஷ்காரர்களில் பலர் நம் 'த்' போலவே நாக்கைப் பல்லில் ஒட்டித்தான் சொல்கிறார்கள். அவர்கள் மூன்றை 'ட்ரீ' என்று சொல்வதாக இங்கிலாந்துக்காரர்கள் கேலி செய்வதுண்டு. நம் காதுக்கோ அது தெளிவான 'த்ரீ'. எட்டாவது ஆங்கில எழுத்தையும் நம்மில் பலரைப் போலவே 'ஹெய்ச்' என்று தொடங்குகிறார்கள். வட அயர்லாந்தில் இது வேடிக்கையான விஷயமல்ல. அங்கு 'ஹெய்ச்' என்றால் கத்தோலிக்கர், 'ஏய்ச்' என்றால் புராட்டஸ்டண்ட் என்று ஆளை எடைபோடும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது.

ஆக்லாந்திலிருந்து:

டப்ளின் சகோதரி சொற்களுக்குத் தந்த முதலிடத்தை நான் ஒலிக்கே தருவேன். நியூசிலாந்தில் உயிரொலிகள் கூட்டமாக இடம்பெயர்ந்திருக்கின்றன: 'எ' மேலேறி 'இ'யின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 'இ' அங்கிருந்து நகர்ந்து, ஏறத்தாழ நம் குற்றியலுகரத்தின் சாயலில் ஒலிக்கிறது. ஆகவே இவர்கள் எழுதுவதற்குப் பென் கேட்டால் நம் காதில் 'பின்' என்று விழுகிறது. மீனோ 'ஃபஷ்' ஆகிவிடுகிறது. விமான நிலையத்தில் என் தந்தையாரிடம் அலுவலர் 'செக்-இன்' முடிந்ததா என்று கேட்க, அவர் 'சிக்கன்' என்று கேட்டுக்கொண்டு, தாம் சைவம் என்றும் பயணச்சீட்டிலேயே அதைப் பதிவு செய்திருப்பதாகவும் மிகுந்த மரியாதையோடு விளக்கினார். ஆஸ்திரேலியர் அதே மீனை 'ஃபீஷ்' என்பதுபோல் நீட்டுவதால், இரு நாட்டாரும் ஒருவரையொருவர் இதை வைத்தே சீண்டிக்கொள்கிறார்கள். நியூசிலாந்தினரில் பலருக்குக் காதும் ('இயர்') காற்றும் ('ஏர்') ஒரே ஒலி, பீரும் கரடியும் ('பேர்') ஒரே ஒலி. இடம் பார்த்துத்தான் எது என்று அறிய வேண்டும்.

சொல் என்று வந்தால், விருந்து அழைப்பில் 'பிரிங் எ பிளேட்' என்றிருப்பதை அறிந்துவைத்திருப்பது நல்லது. ஆஸ்திரேலியாவிலும் இதுவே வழக்கு. வெறும் தட்டைக் கொண்டுவரச் சொல்லவில்லை; எல்லாரும் பகிர்ந்துண்ண ஏதேனும் ஒரு பதார்த்தம் செய்து எடுத்துவாருங்கள் என்பதே அதன் பொருள். புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம் கழுவித் துடைத்த நான்கு எவர்சில்வர் தட்டுகளுடன் வந்து நின்றதை நானே பார்த்திருக்கிறேன். ரப்பர் செருப்பு இங்கு 'ஜாண்டல்', சிட்னியில் 'தாங்', ஜொகன்னஸ்பர்க்கில் 'ஸ்லாப்'. சிட்னிச் சொல்லை அமெரிக்கக் கடையில் கேட்டால் உள்ளாடைப் பிரிவுக்கு வழிகாட்டுவார்கள்.

லண்டனிலிருந்து:

எங்கள் அலுவலகத்துக்கு நியூயார்க்கிலும் கிளை இருப்பதால், கூட்டக் குறிப்புகளில் 'டேபிள்' என்ற வினையை நான் எழுதுவதே இல்லை. பிரிட்டனில் அது நம் சட்டமன்றத்தில் சொல்லும் 'தாக்கல் செய்தல்'. அமெரிக்காவில் நேர் எதிராக, கிடப்பில் போடுதல். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் தரப்பு ஓர் அறிக்கையை அவசரமாக எடுத்துக்கொள்ள விரும்பி இச்சொல்லைச் சொல்ல, இரு தரப்பாரும் ஒன்றையேதான் விரும்புகிறார்கள் என்பது புரியும்வரை நீண்ட, கசப்பான வாக்குவாதம் நடந்ததாகச் சர்ச்சில் தம் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

இதைவிட ஆபத்தானது பிரிட்டிஷாரின் அடக்கிப் பேசும் பழக்கம் என்பது என் கருத்து. 1951 ஏப்ரலில், கொரியப் போரில் இம்ஜின் ஆற்றங்கரையில் தம் கீழிருந்த குளஸ்டர்ஷயர் படைப்பிரிவு சீனப் படைகளால் சூழப்பட்டிருந்த நிலையில், பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் புரோடி, நிலைமை 'எ பிட் ஸ்டிக்கி' என்று அமெரிக்க மேலதிகாரியிடம் தெரிவித்தாராம். கொஞ்சம் சங்கடம், ஆனாலும் சமாளித்துவிடுவார்கள் என்று அமெரிக்கர் எடுத்துக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. அந்தப் படைப்பிரிவின் வீரர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். அலுவலகத்தில் உயிர் போகாவிட்டாலும் குழப்பம் அதே வகைதான்: லண்டன் மேலாளர் உங்கள் அறிக்கையை 'குவைட் குட்' என்றால் 'பரவாயில்லை' என்று கொள்ளுங்கள், நியூயார்க் மேலாளர் சொன்னால் அது பாராட்டு.

ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து:

இங்கு ஒருவர் வழி சொல்லும்போது 'ரோபோ'வில் இடப்பக்கம் திரும்பச் சொன்னால் போக்குவரத்து சிக்னலைத் தேடுங்கள். கடையில் கத்திரிக்காய்க்கு நம் ஊர்போலவே 'பிரிஞ்சால்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து மகிழலாம். எச்சரிக்கை தேவைப்படுவது காலத்தைக் குறிக்கும் சொற்களில். குழாய் பழுதுபார்ப்பவர் 'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்றால் இதோ வருகிறார் என்று பொருளல்ல. மாலையும் ஆகலாம், வராமலும் போகலாம். 'நவ் நவ்' என்றால் சற்று விரைவு. உடனே ஆள் வேண்டுமென்றால் 'ரைட் நவ்' என்று அவர் வாயாலேயே சொல்லும்வரை தொலைபேசியை வைத்துவிடாதீர்கள்.