நாட்டுத் துப்பாக்கிக்கு ஸ்கோப்பா? – எங்க வீட்டு குரூப்பில் ஒரு ராத்திரி

குரூப்: தருமபுரி வீடு

வெள்ளி, இரவு 9:05

மினசோட்டா சித்தப்பா: (படம்)

மினசோட்டா சித்தப்பா: நாளைக்கு காலையில மஸில்லோடர் மான் வேட்டை சீசன் ஆரம்பம். 16 நாள். புது ஸ்கோப்பு மாட்டியாச்சு

பெரியப்பா: என்னடா இது. குழாய்க்கு அடியில குச்சி செருகியிருக்கு. முன்னால மருந்து கெட்டிக்கிற துப்பாக்கிதானே? அதுக்கு எதுக்கு தூரப்பார்வைக் கண்ணாடி

பிரபு: மாட்டு வண்டிக்கு ஜிபிஎஸ் மாட்டுன மாதிரி இருக்கு சித்தப்பா

சேலம் அத்தை: கார்த்திகை மாசம்டா. எங்க வீட்ல மாலை போட்டிருக்காங்க. குரூப்ல மான் கறி போட்டோ எதுவும் வரக்கூடாது, சொல்லிட்டேன்

மினசோட்டா சித்தப்பா: இது துப்பாக்கிதான் அக்கா. மானே இன்னும் வரல

பெரியப்பா: 31 வருஷம் வனத்துறையில குப்பை கொட்டினேன். பென்னாகரம் பக்கம் எத்தனை நாட்டுத் துப்பாக்கி புடிச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. ஸ்டியரிங் ராடை அறுத்து குழாய் பண்ணுவான். குண்டுக்கு சைக்கிள் பால்ரஸ். கடைசில என் கூடப்பிறந்தவனே அதைத் தூக்கிட்டு காட்டுக்குப் போறான்

மினசோட்டா சித்தப்பா: அண்ணா, நம்ம ஊர்ல 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டையே கூடாது. இங்க அமெரிக்காவுல காசு கட்டி லைசென்ஸ் வாங்கிட்டுப் போறோம். வெள்ளைவால் மான் ரோட்டுல காருக்குக் குறுக்க வந்து விழற அளவுக்கு இருக்கு

நந்தினி: சித்தப்பா ஒரு டவுட். நல்ல ரைபிள் கடையில கிடைக்குது. அப்புறம் ஏன் இதுக்குன்னு தனியா ஒரு சீசன்?

மினசோட்டா சித்தப்பா: அதுதான் விஷயமே கண்ணு. ஒரே ஒரு குண்டுதான். சுட்டதும் முன்னால வெள்ளைப் புகை. புகை கலைஞ்சாதான் மான் விழுந்துச்சா ஓடுச்சான்னே தெரியும். திரும்ப மருந்து அளந்து போட்டு, குண்டு வெச்சு, குச்சியால இடிச்சு, மருந்தைப் பத்த வைக்கற சின்ன கேப் வைக்கறதுக்குள்ள அது பக்கத்து ஊருக்குப் போயிடும். இவனுங்களால பெருசா ஒண்ணும் சுட முடியாதுன்னுதான் ரைபிள்காரங்க முடிச்ச அப்புறம் நமக்குத் தனியா நாள் விடறாங்க

நந்தினி: அப்ப ஸ்கோப்பு மாட்டினா அந்தக் காரணமே அடிபட்டுப் போகுதே?

மினசோட்டா சித்தப்பா: வக்கீலுக்குப் படிக்கற புள்ளைகிட்ட வாயைக் கொடுத்தது என் தப்பு

பிரபு: 😂

மினசோட்டா சித்தப்பா: இங்க முன்னெல்லாம் இந்த சீசன்ல பெரிசாக்கிக் காட்டற ஸ்கோப்பு கூடாது. பார்வைக் குறைவுக்கு அனுமதி வாங்கினவங்க வெச்சுக்கலாம், அப்புறம் 60 வயசானவங்களுக்கும் விட்டாங்க. நான் 60 எப்ப வரும்னு விரலை மடிச்சு எண்ணிட்டு இருந்தேன். 2023ல எல்லாருக்கும் சரின்னுட்டாங்க

சித்தி: வயசாகணும்னு வேண்டிக்கிட்ட ஒரே மனுஷன்

மினசோட்டா சித்தப்பா: பக்கத்து வீட்டுப் பெரியவருக்குத்தான் கோபம். 74 வயசு. "எனக்குன்னு இருந்த ஒரே சலுகை, அதையும் சின்னப் பசங்களுக்குக் கொடுத்துட்டானுங்க"ன்னு புலம்பறார். சின்னப் பசங்கன்னா நான். எனக்கு 57

பெரியப்பா: எல்லா மாநிலத்துலயும் இப்படித்தானா?

மினசோட்டா சித்தப்பா: அதான் இல்ல. இங்க கதவைத் திறக்கறாங்க, மேற்குப் பக்கம் சாத்தறாங்க. யூட்டாவுல 2016ல பெரிசாக்கற ஸ்கோப்புக்கு அனுமதி கொடுத்தாங்க. 2024ல திரும்பப் புடுங்கிட்டாங்க. நியூ மெக்ஸிகோவுலயும் 2023ல எடுத்துட்டாங்க. என்கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் யூட்டாவுக்கு மாத்திட்டுப் போனார். துப்பாக்கி விலையை விட ஜாஸ்தி கொடுத்து ஸ்கோப்பு வாங்கினார். இப்ப அதுல மாடியில இருந்து குருவி பார்க்கறார்

பெரியப்பா: ஏன் புடுங்கினாங்க?

மினசோட்டா சித்தப்பா: டைப் பண்ண முடியல, வாய்ஸ் போடறேன்

சேலம் அத்தை: வாய்ஸ் வேண்டாம்டா, இங்க எல்லாரும் தூங்கறாங்க. டைப் பண்ணு

மினசோட்டா சித்தப்பா: சரி. 1985ல மிசௌரியில டோனி நைட்னு ஒருத்தர் எம்கே-85னு ஒரு துப்பாக்கி கொண்டுவந்தார். அதுக்கு முன்னாடி குதிரை (விசையை அமுக்கினா அடிக்கற சுத்தி) பக்கவாட்டுல இருக்கும், அண்ணா நீ புடிச்ச நாட்டுத் துப்பாக்கி மாதிரி. இதுல நெருப்பு குழாய்க்கு நேர் பின்னால. மழைத்தண்ணி போகாது. அப்புறம் ஷாட்கன் தோட்டாவுல இருக்கற 209 கேப்பையே இதுல வெச்சாங்க. மருந்தை மாத்திரை மாதிரி உருட்டி வித்தாங்க, ரெண்டு மாத்திரை போட்டா அளவு சரி. குண்டைச் சுத்தி பிளாஸ்டிக் கிண்ணம். இதோட ஸ்கோப்பும் சேர்ந்தா 300 கஜத்துக்கும் மேல குறி வைக்கறாங்க. எங்க பெரியவரோட பழைய துப்பாக்கி 80 கஜம் தாண்டினா சாமி விட்ட வழி

மினசோட்டா சித்தப்பா: மான் ஜாஸ்தி விழுந்தா அடுத்த வருஷம் பெர்மிட் குறைக்கணும். இத்தனை மான்தான் எடுக்கலாம்னு கணக்கு. குறி கஷ்டமா இருந்தா அதே மானுக்கு இன்னும் நிறைய பேரை உள்ள விடலாம்

பெரியப்பா: அதாவது துப்பாக்கிய மொண்ணையாக்கிட்டு ஆளை அதிகம் விடறான்

மினசோட்டா சித்தப்பா: ஆமாண்ணா

பெரியப்பா: எங்க ரேஞ்சர் கேட்டிருந்தா இந்த ஊருக்கு மாத்தல் கேட்டிருப்பார். சரியான யோசனைதான். அப்ப உன் மினசோட்டாக்காரன் ஏன் திறந்து விட்டான்?

மினசோட்டா சித்தப்பா: இங்க லைசென்ஸ் வாங்கற ஆள் குறையுதுன்னு ஒரு கவலை. வயசானவங்கதான் மிச்சம். அதோட, ஸ்கோப்பு இருந்தா எது மேல படுதுன்னு தெரிஞ்சு சுடலாம், காயப்பட்டு ஓடற மான் குறையும்னு ஒரு வாதம். எனக்கு ரெண்டாவது சரியாப் படுது. ஸ்கோப்பு வாங்கிட்டதாலயும் இருக்கலாம்

நந்தினி: இப்ப ரூல் ரொம்ப கடுமையான இடம் எது?

மினசோட்டா சித்தப்பா: கொலராடோவுல மஸில்லோடர் சீசன்ல ஸ்கோப்பு கிடையாது, மாத்திரை மருந்து கிடையாது, பிளாஸ்டிக் கிண்ணமும் கிடையாது. தூள் மருந்தை அளந்துதான் கொட்டணும். அதையும் மிஞ்சினது பென்சில்வேனியா. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் ஒரு சீசன், 1974ல இருந்து நடக்குது. அதுல சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கி மட்டும்தான்

பெரியப்பா: நிஜ சிக்கிமுக்கியா?

மினசோட்டா சித்தப்பா: நிஜக் கல். குதிரை வாயில கல்லைக் கவ்வ வெச்சு, அது இரும்புல உரசி, பொறி தட்டுல இருக்கற மருந்துல விழுந்து, அது உள்ள போய்ப் பத்தணும். கிளிக் கேட்கும், புஸ்ஸுனு வரும், அப்புறம்தான் டமால். அதுவரைக்கும் மான் தலையைத் திருப்பாம இருக்கணும். ஆனா அதே ஊர்ல அக்டோபர்ல ஒரு வாரம் விடறாங்க, அதுல ஸ்கோப்பு மாட்டின நவீன துப்பாக்கியே சரி. ஒரே மாநிலம், ரெண்டு மாசம் கழிச்சு வேற நூற்றாண்டு

பிரபு: சித்தப்பா நான் யூட்யூப்ல ஒண்ணு பார்த்தேன். மருந்து ஒரு குப்பில அடைச்சு பின்னால செருகறாங்க. அது என்ன

மினசோட்டா சித்தப்பா: ஃபெடரல் கம்பெனி 2020ல கொண்டுவந்த ஃபயர்ஸ்டிக். எங்க பக்கத்துல அனோகாவுலதான் அந்த கம்பெனி. குண்டு மட்டும் முன்னால, மருந்து சீல் போட்ட குப்பியில பின்னால. சில மாநிலம் சரின்னுச்சு, சில மாநிலம் பின்னால செருகினா அது மஸில்லோடரே இல்லன்னுச்சு. என்னைக் கேட்டா ரெண்டாவது கட்சி. இட்லி மாவு பாக்கெட் வாங்கி ஊத்திட்டு மாவாட்டினேன்னு சொல்ற மாதிரி

சித்தி: பாக்கெட் மாவைப் பத்தி யாரும் பேச வேண்டாம். வேட்டைக்குப் போறவருக்கு டிபன் கட்டறது யாரு?

சேலம் அத்தை: அந்த ஆரஞ்சு சட்டை போட்டுக்கோடா. போன வருஷம் போட்டோல பார்த்தேன், டிராபிக் கூம்பு மாதிரி இருந்த

மினசோட்டா சித்தப்பா: சட்டம் அக்கா. தொப்பியும் மேல்சட்டையும் பளிச்சுனு இருக்கணும். 2017ல இருந்து பளீர் ரோஸும் சரின்னுட்டாங்க. நீ வந்தா ரோஸ் வாங்கித் தரேன்

பெரியப்பா: வீட்டுக்குள்ள மருந்து கெட்டிச்ச துப்பாக்கி வெச்சிருக்கியா?

மினசோட்டா சித்தப்பா: கேப்பை எடுத்துட்டா இங்க சட்டப்படி அது குண்டு போடாத துப்பாக்கிதான் அண்ணா. கேப் தனியா, சாவி என்கிட்ட

பெரியப்பா: சட்டம் சொல்லும். நீ ஜாக்கிரதையா இரு

சனி, இரவு 9:48

மினசோட்டா சித்தப்பா: வந்துட்டேன்

பிரபு: விழுந்துச்சா???

மினசோட்டா சித்தப்பா: காலையில மைனஸ் 11. விரல் விறைச்சுப் போச்சு. ஏழே முக்கால் இருக்கும். பெட்டை மான் ஒண்ணு, 60 கஜம். ஸ்கோப்புல காது மயிரு தெரியுது. குறுக்குக் கோடு தோளுக்குப் பின்னால நிக்குது. விசையை அமுக்கினேன்

நந்தினி: ம்

மினசோட்டா சித்தப்பா: டப்

பெரியப்பா: டப்பா டமாலா

மினசோட்டா சித்தப்பா: டப் மட்டும்தான். கேப் வெடிச்சுது, மருந்து பத்தல

பெரியப்பா: குழாயைக் கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தியா?

மினசோட்டா சித்தப்பா: இல்லண்ணா. ஒரு நிமிஷத்துக்கு மேல அப்படியே மண்மேட்டைப் பார்த்துப் புடிச்சுட்டு நின்னேன், தாமதமா வெடிச்சாலும் வெடிக்கும்னு

பெரியப்பா: அது சரி. மருந்து எப்ப போட்ட?

மினசோட்டா சித்தப்பா: நேத்து சாயங்காலம், கார் ஷெட்ல. காலையில இருட்டுல விரல் வேலை செய்யாதுன்னு

பெரியப்பா: ராத்திரி எங்க இருந்துச்சு?

சித்தி: நான் சொல்றேன். ஐஸ் மாதிரி இருந்த அந்தக் குழாயை ஷெட்ல இருந்து தூக்கிட்டு வந்து சமையல்கட்டு மூலையில சாத்தினார். நான் அங்க மூணு ஈடு இட்லி அவிச்சேன்

பெரியப்பா: அப்புறம் என்ன. குழாய் வேர்த்து மருந்து நமத்துப் போச்சு

மினசோட்டா சித்தப்பா: அதேதான். பின்பக்க மரையைக் கழட்டித் தள்ளினேன், ஈரச் சீயக்காய் மாதிரி வந்துச்சு. பெரியவர் பார்த்துட்டு ஒண்ணுமே பேசல. அவர் துப்பாக்கி ராத்திரி முழுக்க அவர் வண்டியிலயே குளிர்ல கிடந்துச்சாம்

சேலம் அத்தை: மான் என்னாச்சு?

மினசோட்டா சித்தப்பா: சத்தம் வந்த பக்கம் பார்த்துச்சு. வாலைத் தூக்கிச்சு. ஓடக்கூட இல்ல அக்கா, நடந்தே போச்சு

சேலம் அத்தை: கார்த்திகை மாசம். நல்லாருக்கட்டும்

சித்தி: ஃப்ரீசர்ல இடம் வேணும்னு முருங்கைக்கீரை, தேங்காய்த் துருவல் எல்லாம் வெளியே எடுத்து வெச்சிருந்தேன்

பெரியப்பா: டேய்

மினசோட்டா சித்தப்பா: சொல்லுண்ணா

பெரியப்பா: அடுத்த சனிக்கிழமைக்கு மருந்தை முதல் நாளே போடாத. போட்டாலும் துப்பாக்கி ஷெட்லயே பூட்டிக் கிடக்கட்டும். குழாய் வாய்க்கு எண்ணெய்த் துணி அடைச்சு வை. நான் புடிச்சவன் எல்லாம் அப்படித்தான் வெச்சிருந்தான்

சேலம் அத்தை: அண்ணா, நீங்களுமா