உலகமயமாக்கல் 1977லதான் தொடங்கினதா? அப்ப திருமலை (திருகோணமலை) ஹாபர், துறைமுகம், என்ன கணக்கு?

சீனன்குடா_பொடியன்:
ஏஎல் படிக்கிறன், கிளாஸ்ல சேர் சொல்றார் இலங்கைக்கு உலகமயமாக்கல் வந்தது 1977ல ஜே.ஆர் ஜயவர்த்தனா திறந்த பொருளாதாரம் கொண்டந்ததோடதான் எண்டு. எனக்கு மண்டைக்குள்ள ஏறுதில்ல. போர்த்துக்கீசன் கோணேசர் கோயில் கல்லைக் கழட்டி கோட்டை கட்டினவன், பிறகு டச்சுக்காரன், 1782ல ஒரே வருசத்துக்குள்ள முதல்ல வெள்ளைக்காரன் (பிரிட்டிஷ்காரன்) பிடிச்சு அவனிட்ட இருந்து பிரெஞ்சுக்காரன் பிடிச்சவன். இவ்வளவு பேர் அடிபட்ட ஊருக்கு உலகம் 1977லயா வந்தது? மற்றது, இவ்வளவு ஆழமான ஹாபர் இருந்தும் கப்பலெல்லாம் ஏன் கொழும்புக்கே போகுது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

உவர்மலை_காத்து:
தம்பி, அவங்கள் திருமலைக்கு வந்தது யாவாரத்துக்கில்ல. வாடைக்காத்து நேரம் இந்தியாவின்ர கிழக்குக் கரைப் பக்கம் போர்க்கப்பலை ஒதுக்கி வைக்க நல்ல இடம் இல்ல, அதுக்குத்தான் இந்தக் குடா. சாமான் போன வழி வேற. கோப்பியும் பிறகு தேயிலையும் மலைநாட்டில விளைஞ்சது, 1867லயே கொழும்பு கண்டி ரயில் ஓடத் தொடங்கீட்டு, 1869ல சுயஸ் கால்வாய் திறந்தாப் பிறகு ஐரோப்பாவில இருந்து கிழக்க போற கப்பல் நாட்டின்ர தெற்கு முனையான தெய்வேந்திரமுனைக்குக் கீழாலதான் போகும், கொழும்பு அதுக்குப் பக்கத்தில, இயற்கை ஹாபர் இல்லாட்டியும் அலைதடுப்பு கட்டி ஹாபரை உண்டாக்கிட்டாங்கள். எங்கட ஊருக்கு ரயில் வந்தது 1927ல. 60 வருசம் பிந்தி வந்து என்னத்தைப் பிடிக்கிறது? ஆழத்தைப் பாத்துக் கப்பல் வராது, சரக்கு எங்க இருக்கோ அங்கதான் வரும்.

மூதூர்_விவசாயி:
ஹாபர் கதை சரி அண்ணை, ஆனா 1977ஐ சும்மா தள்ளேலாது. சிறிமா பண்டாரநாயக்காவோட ஆட்சிக் காலத்தில 70ல இருந்து 77 வரைக்கும் வெங்காயம், மிளகாய் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, பாணுக்கு கியூ நிண்ட சனம் திட்டித் தீர்த்தது உண்மை, அதே நேரம் யாழ்ப்பாணம் வன்னிப் பக்கம் மிளகாய் போட்டவன் கல்வீடு கட்டினான். ஜே.ஆர் வந்து இறக்குமதியைத் திறந்து விட்டோடன விலை விழுந்துது. கொழும்பில பாண் தின்ற ஆளுக்கு நல்ல காலம், தோட்டக்காரனுக்குக் கெட்ட காலம், ரெண்டுக்கும் காரணம் ஒரே கையெழுத்து.
எங்கட ஹாபருக்கும் அப்பதான் ஒரு வேலை கிடைச்சது. சிங்கப்பூர் பிறிமா கம்பனி இங்க மா மில் போட்டது. அந்தக் காலத்தில அரசாங்கம் வெளியில இருந்து கோதுமையைக் கொண்டு வந்து குடுக்கும், அவங்கள் அரைச்சு மாவைத் திருப்பிக் குடுத்துட்டு கூலியாத் தவிட்டை எடுப்பாங்கள். இந்த நாட்டில ஒரு கதிர் கோதுமை விளையாது, ஆனா காலமை எல்லார் வீட்டிலயும் பாண்.

கிண்ணியா_மகள்:
நீங்க ஆம்பிளைங்க எல்லாரும் சாமானையே சொல்லிட்டு இருக்கீங்க, ஆக்களும் ஏற்றுமதியாகினது தெரியாதா? கிண்ணியா, மூதூர்ல எத்தின வீட்டில உம்மாமார் சவூதி, குவைத்ல வேலை செஞ்ச காசில கட்டின சுவர் நிக்குது. கார்மென்ட்ஸும் அப்படித்தான். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978ல வந்தது, ஹொங்கொங்கில கோட்டா (ஒரு நாட்டில இருந்து இவ்வளவு உடுப்புத்தான் எடுப்பம் எண்டு வாங்குற நாடுகள் வச்ச அளவு) முடிஞ்ச கம்பனிங்க மிச்ச கோட்டா தேடி இங்க வந்தாங்க, அந்த கோட்டா முறை 2005 தொடக்கத்தில முடிஞ்சது. தொறந்து விட்டாச்சு எண்டதை விட எங்கயோ எழுதின சட்டத்துக்கு நாங்க ஓடினம் எண்டதுதான் சரி.

சீனன்குடா_பொடியன்:
நன்றி எல்லாருக்கும். அப்ப எங்கட வீட்டுக்குப் பின்னால காட்டுக்குள்ள நிக்கிற எண்ணெய்த் தாங்கியள்?

உவர்மலை_காத்து:
அது வெள்ளைக்காரன்ர கடற்படைக்குக் கட்டினது, 99 நிக்குது. 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோட ராஜீவும் ஜே.ஆரும் மாத்தின கடிதத்தைத் தேடி வாசி, திருமலை ஹாபரை இந்தியாவுக்குப் பாதகமா எந்த நாட்டுப் படைக்கும் குடுக்கப்படாது எண்டும் இருக்கு, தாங்கியளைச் சேர்ந்து நடத்துறது எண்டும் இருக்கு. சேர்ந்து நடத்துற கம்பனிக்கு 61 தாங்கி எண்டு கையெழுத்து வைச்சது 2022 சனவரியில, கையில டொலர் இல்லாத நேரம்.
சோதினைக்கு சேர் சொன்ன மாதிரி 1977 எண்டே எழுது, மாக்ஸ் போடுறது அவர்தானே.