எக்கோவில் 38, சிடியில் 42: மகாதமனி அளந்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு:
அப்பாவுக்கு வயது 68. மூச்சு வாங்குகிறது என்று தருமபுரியில் எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) பார்த்தபோது, இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாயான மகாதமனி, மேலேறும் இடத்தில் 38 மி.மீ. அகலம் என்று எழுதியிருந்தார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் இருமல் விடாததால் நெஞ்சுக்குச் சாதாரண சிடி எடுத்தோம். அதில் 42, 'லேசான வீக்கம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி போதாதா? சித்தப்பா போனில் எதையோ தேடிப் படித்துவிட்டு, "வெடிச்சிருமாம்டா" என்று குண்டைப் போட்டார். அன்றிலிருந்து அம்மா அப்பாவைத் தண்ணீர்க் குடத்தைத் தொடவே விடவில்லை.

இதய மருத்துவர் இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு, "ஐயா, இது வளர்ந்ததுன்னு இப்பவே சொல்ல முடியாது. ஈசிஜியோட சேர்த்து எடுக்கிற சிடி ஒண்ணு பார்த்துருவோம்" என்றார். சேலம் போனோம். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உள்ளே அழைத்தார்கள். நெஞ்சு முடியை மழித்து ஈசிஜி வயர் ஒட்டி, முழங்கை மடிப்பில் ஊசி போட்டார்கள். மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், மூத்திரம் போய்விட்ட மாதிரி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அப்படியும் அப்பா வெளியே வந்ததும் அங்கியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

முடிவு 38. மருத்துவர் கம்ப்யூட்டரிலேயே காட்டினார். வாழைத்தண்டைச் சாய்த்து நறுக்கினால் வில்லை நீளமாகத்தானே விழும்? குழாய் சாய்ந்து போகும் இடத்தில் குறுக்கே அளந்தால் 42. படத்தைத் திருப்பி, குழாய்க்கு நேர் செங்குத்தாக அளந்தால் வட்டமாகி 38.

ஓசூர் (சிடி டெக்னீசியன்):
சாய்வு ஒரு பாதி, துடிப்பு இன்னொரு பாதி. மகாதமனியின் அடிப்பகுதி இதயத்தோடு சேர்ந்து ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். ஈசிஜி இல்லாமல் எடுத்தால் ஓரம் இரட்டைக் கோடாக விழும். நெஞ்சுவலி என்று நடு இரவில் வந்த ஒரு லாரி டிரைவருக்கு, அந்தக் கோட்டைப் பார்த்து உள்சுவர் கிழிந்துவிட்டதோ என்று எல்லோரும் பதறிவிட்டோம். ஈசிஜியோடு மறுபடி எடுத்தால் சுவர் சுத்தமாக இருக்கிறது!

பொதுவாக இதயம் விரிந்து ஓய்ந்திருக்கும் கடைசித் தருணத்தின் படத்தில்தான் அளப்போம். ஒரு ஆர் அலைக்கும் (ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்புக்கும் உயரமாக எழும் கூர்முனை) அடுத்ததற்கும் இடையே சுமார் 75 சதவீதம் கடந்த இடம் அது. சுருங்கும்போது அளந்தால் ஒன்றிரண்டு மி.மீ. கூடும். துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு எடுப்பது எங்களுக்கு இன்றைக்கும் பெரும்பாடுதான்.

இயல்பு அளவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஆய்வில் 3,400-க்கும் மேற்பட்டவர்களை ஈசிஜியோடு எடுத்த சிடியில் அளந்து 2013-ல் வெளியிட்டார்கள். மேலேறும் பகுதியின் சராசரி ஆண்களுக்கு 34.1 மி.மீ., பெண்களுக்கு 31.9. நெஞ்சுக்குள் கீழிறங்கும் பகுதி 25.8, 23.1. வயது ஏற ஏற கொஞ்சம் விரியும், உடல்வாகு பெருத்தாலும் கூடும். அது அவர்கள் ஊர் ஆட்களின் கணக்கு என்பதையும் மறக்க வேண்டாம்.

காவேரிப்பட்டணம்:
எங்கள் அம்மாவுக்கு மகாதமனி அளவு 39 மி.மீ. உயரம் ஐந்தடிகூட இல்லை. ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் உயரம், எடை யாரும் கேட்கவில்லை. இதை அப்படியே விடலாமா?

பாலக்கோடு:
விடாதீர்கள் அக்கா. குள்ளமான உடம்புக்கு 39 கொஞ்சம் அதிகமாக இருக்கலாம், மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லியே கேளுங்கள். எந்த இடத்தில் அளந்தார்கள், ஈசிஜியோடு எடுத்ததா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கச் சொன்னால் அதே முறையில் எடுங்கள். எக்கோ அளவையும் சிடி அளவையும் பக்கத்தில் வைத்து வளர்ந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். முக்கியமாக, ஸ்கேன் படங்களை டிஸ்க்கில் கேட்டு வாங்கி வையுங்கள். ஃபிலிமை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கோணத்தில் திருப்பி அளக்க முடியாது.