பருந்தின் இறக்கை நுனிக்கு ஒரு சொல்: விரலா, சிறகுவிரலா, விரலிறகா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பருந்து இறக்கையின் நுனியில் விரிந்து நிற்கும் இறகுகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தேன். நேற்று வந்த இந்த மடலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை:

> பருந்து இறக்கையின் நுனியில் தனித்தனியாக விரிந்து நிற்பதை ‘விரல்’ என்றே சொல்லிவிடலாமே? பார்க்க விரல் மாதிரிதானே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

நியாயமான கேள்விதான். களத்தில் நாங்களும் “விரல் எண்ணிப் பார்த்தியா?” என்றுதான் கேட்டுக்கொள்கிறோம். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை, ஏனென்றால் பறவை தலைக்கு மேலே இருக்கிறது, எல்லோரும் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எழுத்தில் அந்த வசதி இல்லை.

வல்லூறையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வேப்பமரத்திலிருந்து பாய்ந்து ஓணானைத் தூக்கிக்கொண்டு போகிறதே, அதற்கு இறக்கை நுனியில் ஐந்து. அதன் பங்காளி போலவே இருக்கும் ஸ்பாரோஹாக்குக்கு ஆறு. இமயத்தில் கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே இறங்கும் பறவை அது. நிறமும் மார்பு வரியும் வயதுக்கு ஒன்று, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று மாறி ஆளை ஏமாற்றும். இறக்கையை முழுதாக விரித்த படம் ஒன்று கையில் இருந்தால் நுனியை எண்ணிப் பாதி வழக்கை முடித்துவிடலாம். அடுத்த முக்கிய அடையாளம், ஸ்பாரோஹாக்கின் காலில் நடுவிரல் மிக நீளம். இப்போது இரண்டையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்: “விரல்கள் ஆறு, நடுவிரல் மிக நீளம்.” முதல் விரல் இறக்கையில், இரண்டாவது விரல் காலில்! புதிதாகப் பறவை பார்க்க வரும் பிள்ளை ஆறு விரல்களில் எது நடுவிரல் என்று தேடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் இன்னொரு நண்பர் ‘சிறகுவிரல்’ என்றார். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பறவையின் இறக்கை என்பது அதன் கை. தோல், இறகு எல்லாவற்றுக்கும் உள்ளே நிஜமான விரல் எலும்புகள் மூன்று இன்னும் இருக்கின்றன. அதில் கட்டைவிரல் மாதிரி உள்ளதில் சின்ன இறகுக்கொத்து ஒன்று முளைத்திருக்கும். பருந்து கிளையில் வந்து உட்காரும்போது இறக்கையின் முன்விளிம்பில் அது தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிறகுவிரல் என்ற பெயருக்கு அந்த எலும்புகள்தான் உரிமைக்காரர்கள். நாளைக்கு யாராவது பறவை உடலியலைத் தமிழில் எழுத வந்தால் அந்தச் சொல்லைத் தேடுவார்கள். இன்றைக்கே நாம் எடுத்துச் செலவழித்துவிட வேண்டாம்.

இழையில் வந்த ‘தூவி’ என்ற யோசனை பற்றி ஒரு வரி போதும். அன்னத்தின் தூவி என்று குறளில் வருவதே மென்மைக்காக. காற்றைக் கிழிக்கும் இறகுக்கு அது ஒட்டாது.

‘கவை’ என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது, உண்டிவில் செய்த கை அல்லவா. ஆனால் கவை என்றால் இரண்டாகப் பிரிவதுதான் மனதில் வருகிறது. கழுகுக்கு ஏழு வரை போகும்.

என் ஓட்டு ‘விரலிறகு’. விரலாகத் தோன்றும் இறகு, அவ்வளவுதான். ‘விரற்சிறகு’ என்று முன்மொழிந்தவர் மன்னிக்க வேண்டும். சிறகு என்றதும் பலருக்கு முழு இறக்கையே நினைவுக்கு வருகிறது. இறகு என்றால் ஒற்றை இறகு. எங்கள் பக்கம் ‘எறகு’ என்பார்கள், ‘விரலெறகு’ என்று வாயில் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

வரையறையும் கூடவே வேண்டும். என் முயற்சி இது: இறக்கையின் வெளிநுனியில் உள்ள நீண்ட இறகுகள் சில, நுனிக்குக் கொஞ்சம் முன்னால் திடீரென்று ஒடுங்குகின்றன. இறக்கை விரியும்போது அந்த ஒடுங்கிய பகுதிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. அப்படி இடைவெளியோடு தனித்து நிற்கும் ஒவ்வொன்றும் ஒரு விரலிறகு. அந்த ஒடுங்கலுக்கு ‘இறகொடுக்கம்’ போதுமா என்று பாருங்கள். கூர்முனை இறக்கை கொண்ட வைரி (ஃபால்கன்) இனங்களில் இப்படி விரிந்து நிற்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால் படிப்பவருக்குப் படம் கிடைத்துவிடும்.

எண்ணும் முறையையும் சொல்லாவிட்டால் சொல் இருந்தும் பயனில்லை. வெளியோரத்து இறகு மற்றவற்றைவிடக் குட்டை. அதை விட்டுவிட்டு எண்ணித்தான் நான் ஒரு முறை ஸ்பாரோஹாக்கை வல்லூறாக்கினேன். குழுவில் இரண்டு வாரம் கிண்டல். இறகு உதிர்ந்து முளைக்கும் பருவத்தில் ஒன்று குறையும், அதனால் இரண்டு இறக்கையிலும் எண்ண வேண்டும். இறக்கையைப் பாதி மடக்கிச் சறுக்கும்போது எடுத்த படத்தை எண்ணவே கூடாது.

வளைகுடாவிலிருந்து எழுதிய நண்பருக்கு இது நேரடியாக உதவும். அங்கே இரண்டு வகைத் தேன்பருந்தும் வந்துபோகின்றன: நம் ஊரில் பார்க்கும் கிழக்கத்திய தேன்பருந்துக்கு விரலிறகு ஆறு, ஐரோப்பியத் தேன்பருந்துக்கு ஐந்து.

அதற்காக இதை எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று எழுதிவிடாதீர்கள். வல்லூறின் இன்னொரு பங்காளியான, மேற்குத் தொடர்ச்சி மலையின் பெஸ்ராவுக்கும் வல்லூறைப் போல ஐந்துதான். அங்கே தொண்டையின் நடுவில் ஓடும் தடித்த கோட்டைப் பார்க்க வேண்டும். கரும்பருந்துக்கு ஆறு, அதோடு குழம்பும் பூட்டட் ஈகிள் என்ற சிறு கழுகுக்கும் ஆறு. அப்போது வாலில் பிளவு உண்டா என்று பாருங்கள். உடலோடு இறக்கை சேரும் இடத்தில், முன்பக்கம், வண்டி விளக்குப் போல வெள்ளைப் பொட்டு இருந்தால் அது ஈகிள்.

கடைசியாக ஒரு சிக்கல், எனக்கே விடை பிடிபடவில்லை. விரலிறகு என்று வைத்துக்கொண்டால் ‘ஐவிரலி’, ‘அறுவிரலி’ என்று சுருக்கிக்கொள்ளலாம், பட்டியல் போடக் கச்சிதமாக இருக்கும் என்று நினைத்து மகிழ்ந்திருந்தேன். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் குளிர்காலத்தில் தாழப் பறக்கும் பூனைப்பருந்துகள் வந்து கெடுத்தன. அவற்றில் சேற்றுப் பூனைப்பருந்துக்கு ஐந்து. மாண்டேகு, பாலிட் இரண்டுக்கும் நான்கு. ‘நால்விரலி’ என்று எழுதினால் காலில் நாலு விரலோடு காக்கையும் கோழியும் வந்து வரிசையில் நிற்கும். யாருக்காவது வேறு யோசனை இருந்தால் சொல்லுங்கள். அதுவரை அந்த இரண்டுக்கு மட்டும் ‘விரலிறகு 4’ என்று நீட்டியே எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்