கீமோ எடுக்கும் அத்தைக்குக் குரோஷே குல்லா: எந்த நூல், என்ன அளவு?

கோவை_கொக்கி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்குக் குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னுவது, ஓரளவு வரும். குழந்தைகளுக்குக் காலுறை, மேசை விரிப்பு, நிலைவாசல் தோரணம் எல்லாம் போட்டிருக்கிறேன். இப்போது கேட்பது வேறு. அப்பாவின் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, போன வாரம்தான் முதல் கீமோ ஏறியது. முதல் டோஸிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கிவிடும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

கீமோவுக்குக் கோவை வந்து போனாலும் அத்தை இருப்பது குன்னூரில். டிசம்பர் ராத்திரி அங்கே எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும், வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி அத்தைக்கு, மழைக்காலத்தில் அதைக் காயவைப்பதே அரை நாள் வேலை. அது போகப்போகிறது என்பதைவிட, போன பிறகு தலை எப்படிக் குளிரும் என்பதுதான் அவருக்கு இப்போது கவலை. பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா தலையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "நானும் அப்படியே கட்டிக்கொள்கிறேன், எனக்கென்ன" என்றார். சொல்லிவிட்டு அன்று சாப்பிடவே இல்லை.

அதனால் ஒரு குல்லா போட உட்கார்ந்தேன். வீட்டில் மிச்சமிருந்த உல்லன் நூல், டபுள் குரோஷே என்ற உயரமான தையல், நடுவில் ஓட்டை ஓட்டையாக ஒரு டிசைன், பார்க்க நன்றாகத்தான் வந்தது. அரை மணி நேரம் நானே போட்டுப் பார்த்தேன். நெற்றியெல்லாம் ஊறல், கழற்றினால் சிவப்பாக ஒரு கோடு. முடி இருக்கிற எனக்கே இப்படி என்றால் அத்தைக்கு? எந்த நூல் வாங்க வேண்டும், முடி இல்லாத தலைக்கு அளவு எப்படி எடுப்பது, கம்பளியா பருத்தியா? அடுத்த டோஸுக்குள் கொடுத்துவிட ஆசை.

பழைய_பின்னல்காரி எழுதியது:

அந்த முதல் குல்லாவை அத்தையிடம் காட்டாமல் எடுத்து வைத்துவிடுங்கள். ஒன்றும் வீணில்லை, வேறு யாராவது போட்டுக்கொள்வார்கள்.

முதலில் நூல். முடி இல்லாத தோல் குழந்தைத் தோல் மாதிரி என்று வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். சாதாரணக் கம்பளி வேண்டாம், குத்தும். மொஹேர், அங்கோரா மாதிரி முடி முடியாக நிற்பது, ஜரிகை கலந்தது எதுவும் கூடாது. வெல்வெட் நூல் என்று ஒன்று வருகிறது, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும், ஆனால் வெட்டிய முனையிலிருந்து இழை உதிர்ந்துகொண்டே இருக்கும், அதுவும் வேண்டாம். குழந்தைகளுக்கென்று விற்கும் மெத்தென்ற அக்ரிலிக், இல்லாவிட்டால் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல், இந்த இரண்டில் ஒன்று. வர்த்தமான், ஓஸ்வால் இரண்டிலுமே குழந்தை நூல் கிடைக்கும். பேரைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், ஒரே கம்பெனியில் ஒரு ரகம் வெண்ணெய் மாதிரியும் இன்னொன்று தேங்காய் நார் மாதிரியும் இருக்கும். நூல்கண்டை எடுத்து காதுக்குக் கீழே கழுத்தில் அழுத்தி ஐந்து நிமிஷம் வைத்துக்கொள்ளுங்கள். விரல் நுனி வேலை செய்து காய்த்துப்போன இடம், அது பொய் சொல்லும். கழுத்து சொல்லாது. கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

மேசை விரிப்புக்குப் பயன்படுத்தும் பளபளப்பான மெர்சரைஸ்டு பருத்தி நூல் இதற்குச் சரிவராது. விறைப்பாக இருக்கும், இழுவை கிடையாது, நெற்றியில் தடம் பதியும்.

அளவுக்கு, தலையில் அதிகச் சுற்றளவு வரும் இடத்தில், புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி பின்னந்தலை மேடு வழியாக டேப் வைத்து எடுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 57 செ.மீ. வரும். இப்போது முடி இருக்கும்போது எடுத்தால் கொஞ்சம் கூடவே காட்டும், அத்தைக்கு அவ்வளவு முடி என்றால் பின்னலை அவிழ்த்துத் தலையோடு படிய வாரிவிட்டு எடுங்கள். உதாரணத்துக்கு 54 என்று வந்தால் குல்லாவை 51இல் போடுங்கள். குரோஷே இழுபட்டுக் கொடுக்கும், அந்த 3 செ.மீ. குறைவுதான் குல்லாவை நழுவாமல் பிடித்து வைக்கும். முடிதான் தொப்பியைத் தாங்கும் என்பது மொட்டை போட்டவர்களுக்குத்தான் தெரியும், வழுக்கென்று கழன்று வந்துவிடும்.

51ஐ 3.14ஆல் வகுத்தால் 16 செ.மீ. சொச்சம். உச்சியில் நீங்கள் போடும் வட்டத் தட்டு அவ்வளவு அகலம் வந்ததும் சுற்றுக்குச் சுற்று தையல் எண்ணிக்கையைக் கூட்டுவதை நிறுத்த வேண்டும். நான் போடுவது: 8 பிளை (மிதமான தடிமன்) நூல், 4.5 மி.மீ. கொக்கி, எல்லாமே ஹாஃப் டபுள் குரோஷே, சிங்கிளுக்கும் டபுளுக்கும் இடைப்பட்ட உயரத் தையல். (இது அமெரிக்கப் பெயர். பிரிட்டன் முறையில் எழுதிய குறிப்பு கையில் இருந்தால் அதையே ஹாஃப் ட்ரெபிள் என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம்.) மேஜிக் ரிங்கில் (இழுத்தால் நடு ஓட்டை மூடிக்கொள்ளும் தொடக்க வளையம்) 10 தையல், அடுத்த சுற்றில் 20, பிறகு 30, 40, 50, 60, 70. ஏழு சுற்றில் என் கைக்கு 16 செ.மீ. வந்துவிடும். உங்கள் கை இறுக்கமோ தளர்வோ, தட்டை அளந்து பார்த்துத்தான் நிறுத்த வேண்டும், எண்ணிக்கையை நம்பி அல்ல. அதற்கு மேல் கூட்டாமல் நேராக, உச்சியிலிருந்து 20 செ.மீ. ஆழம் வரும் வரை. குன்னூர் என்பதால் இன்னும் 4 செ.மீ. சேர்த்துப் போட்டு விளிம்பை மடித்து விடுங்கள், காதுக்கு இரட்டை மறைப்பு கிடைக்கும். 100 கிராம் நூல் தாராளம்.

ஓட்டை டிசைன் வேண்டாம் என்று நான் சொல்வது குளிருக்காக மட்டுமில்லை. உள்ளே முடி இருந்தால் ஓட்டை அழகு. இல்லாதபோது ஒவ்வொரு ஓட்டையிலும் தோல் தெரியும், கண்ணாடியில் அவர் பார்ப்பது அதைத்தான். ஹாஃப் டபுள் இடைவெளி விடாமல் அடைத்துக்கொண்டு போகும், சிங்கிள் குரோஷே போல விறைக்கவும் செய்யாது.

முடிச்சு எங்கேயும் போடாதீர்கள். உச்சியில் முடிச்சு இருந்தால் தலையணையில் படுக்கும்போது கல் மாதிரி உறுத்தும். நூல் முனையைக் குறைந்தது பத்து செ.மீ. விட்டு, தையல்களுக்குள் ஒரு பக்கம் கோத்து, திரும்ப எதிர்ப்பக்கம் கோத்து வெட்டுங்கள்.

மொட்டையும்_அழகே எழுதியது:

நான் போட்டுக்கொண்ட பக்கத்திலிருந்து சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்கு கீமோ, சென்னையில். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, முடி கொட்டுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தலைத் தோல் வலிக்கும். காய்ச்சலில் முடிவேர் வலிக்குமே, அந்த மாதிரி. தலையணை பட்டால் வலி, சீப்பு பட்டால் வலி. அந்த நாட்களில்தான் மெத்தென்ற குல்லா எனக்கு முதலில் தேவைப்பட்டது, மொட்டையான பிறகு இல்லை. அதனால் கோவை தங்கச்சி, இரண்டாவது டோஸ் வரை காத்திருக்காமல் இந்த வாரமே கொடுத்துவிடப் பாருங்கள்.

கொத்துக் கொத்தாகத் தலையணையில் பார்க்க முடியாமல் நானே மெஷின் வைத்து ஒட்ட வெட்டிக்கொண்டேன். என் அண்ணி வெட்டிவிட்டார். கோயிலில் மொட்டை போடும்போது முடியைக் கொடுத்துவிட்டு வருகிறோம், இது பிடுங்கிக்கொண்டு போகிறது என்று அன்று அழுதேன். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை, குல்லாவை எடுத்துப் போட்டுவிட்டு டீ போடப் போய்விட்டார். அந்தக் குல்லா இன்னும் என்னிடம் இருக்கிறது.

நடைமுறை விஷயங்கள்: சென்னை வெயிலிலேயே எனக்குக் குல்லா தேவைப்பட்டது, ஏனென்றால் டிரிப் ஏற்றும் அறையில் ஏசி, நாலைந்து மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும், மொட்டைத் தலையில் அந்தக் காற்று நேராக இறங்கும். வீட்டுக்கு வந்தால் திடீரென்று உடம்பெல்லாம் கொதிக்கும், குல்லாவைக் கழற்றி எறிவேன், பத்து நிமிஷத்தில் மறுபடி குளிரும். ஆகவே ஒரே தடித்த குல்லாவைவிட மெல்லியதாக ஒன்று, தடிமனாக ஒன்று என்று இரண்டு கொடுங்கள். இரவுக்கு மெல்லியது. ஒன்று துவைக்கப் போனால் இன்னொன்று இருக்கவும் வேண்டும்.

எனக்கு உறவினர் ஒருவர் ஆசையாக மெரூன் குல்லா பின்னிக் கொடுத்தார். நூலைத் துவைத்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டார், வியர்வையில் சாயம் இறங்கி நெற்றி, காதெல்லாம் சிவப்பு. டாக்டர் அலர்ஜியோ என்று பயந்துவிட்டார். கொடுப்பதற்கு முன் இரண்டு தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். வாசனை இல்லாத சோப்பு மட்டும். கீமோவின்போது மூக்கு நாய் மூக்கு மாதிரி ஆகிவிடும், துணியில் கம்ஃபர்ட் வாசனை வந்தாலே எனக்கு வாந்தி வரும். வீட்டில் நாய், பூனை இருந்தால் பின்னும்போது மடியில் ஒரு சுத்தமான துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள், நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும் நேரம்.

டொராண்டோ_குளிர் எழுதியது:

நாங்கள் இருக்கிற இடத்தில் சனவரியில் மைனஸ் 20 வரைக்கும் போகும். அம்மாவுக்கு கீமோ நடந்த வருசம் குளிர் நல்ல கடுமை. பழைய பின்னல்காரி அக்கா கம்பளி வேண்டாம் என்று சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மாறுபாடு இருக்கிறது. மெரினோ என்ற மெல்லிய இழைக் கம்பளி அவ்வளவாகக் குத்தாது, மெஷினில் துவைக்கக்கூடிய விதமாகவும் வருகிறது, சூடும் அக்ரிலிக்கைவிடக் கூட. ஆனால் விலையும் கூட, கம்பளி ஒத்துவராத ஆட்களும் இருக்கிறார்கள், ஆகையால் முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி, ஒரு நாள் சட்டைக்குள்ளே தோளில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கோ.

நான் செய்தது இதுதான்: வெளியே கம்பளி, உள்ளே பழைய பனியன் துணியில் உள்துணி. பல தடவை துவைத்த பனியனைவிட மிருதுவான துணி கடையில் வாங்க முடியாது. தலைச்சுற்றளவுக்கு வெட்டி, தையல் விளிம்பு தலைப் பக்கம் வராமல் குல்லாவின் பக்கம் திருப்பி, கையால் தளர்வாகப் பொருத்தினேன். இறுக்கித் தைத்தால் குல்லா இழுபடாது, அதை மட்டும் கவனியுங்கோ. அம்மா ஒரு குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டவர். குல்லாவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை, ஆனால் ஆஸ்பத்திரிப் பையில் மருந்துச் சீட்டுக்கு முன்னமே அதை எடுத்து வைப்பார்.

கோவை_கொக்கி எழுதியது:

ஒவ்வொருவர் எழுதியதையும் இரண்டு தடவை படித்தேன். தலைத் தோல் வலிக்கும் என்பது எனக்குத் தெரியாது, உடனே அத்தைக்குப் போன் செய்தேன். "ஆமாம்டி, நேற்றிலிருந்து சீப்பு வைக்க முடியவில்லை, வெயிலில் நின்றதாக்கும் என்று நினைத்தேன்" என்றார். அதனால் இன்று மத்தியானமே கடைக்குப் போய் நூல் வாங்கிவிட்டேன், கழுத்தில் வைத்துப் பார்த்துத்தான். பனியன் துணிக்குக் கவலையில்லை, திருப்பூர் பக்கத்திலிருக்கிறது, மாமா வீட்டில் வெட்டுத்துணி மூட்டையாகக் கிடக்கும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைப்பவர். இனி எதில் வைப்பது என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குத்தான் பதில் வரவில்லை. குல்லாவில் மல்லிகைச் சரம் மாதிரி குரோஷே பூ வைத்துப் பின்னினால் நன்றாக இருக்குமா, இல்லை அவர் மனதைக் கிளறிவிடுமா?

மொட்டையும்_அழகே எழுதியது:

அவரையே கேளுங்கள். எனக்கு யாராவது பூவோடு கொடுத்திருந்தால் அன்று பிடித்திருக்காது, ஆறாவது டோஸில் பிடித்திருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, ஒரே ஆளுக்கே ஒவ்வொரு நாளும் வேறு மாதிரி. நிறத்தையும் அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்த ஆறு மாதமும் எந்த நாள் வர வேண்டும், எந்தக் கையில் ஊசி போட வேண்டும் என்று எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்வார்கள். குல்லாவின் நிறமாவது நம் இஷ்டமாக இருக்கட்டும்.

பழைய_பின்னல்காரி எழுதியது:

பூ வைப்பதானால் குல்லாவோடு சேர்த்துப் பின்னாதீர்கள், தனியாகப் போட்டு இரண்டு தையலில் மாட்டிக் கழற்றும்படி செய்யுங்கள். ஊக்கு, பின் எதுவும் கூடாது. காதுக்கு மேலே பக்கவாட்டில் வரட்டும், பின்னால் வைத்தால் படுக்க முடியாது. தட்டையான பூவாக இருக்கட்டும், புடைத்த பூ வேண்டாம்.

கோவை_கொக்கி எழுதியது:

கேட்டேன். நிறம் மாம்பழ மஞ்சள், பூ "செய்து வை, நான் சொல்லும்போது மாட்டு" என்றார். சுற்றளவு 55 வந்தது, 52இல் போடுகிறேன். இப்போது ஆறாவது சுற்றில் இருக்கிறேன். துவைத்துக் காயவைத்து ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் குன்னூர் கிளம்புகிறேன், மெல்லியதை அங்கே அத்தை பக்கத்தில் உட்கார்ந்தே போடலாம் என்று நூலையும் கொக்கியையும் பையில் வைத்துவிட்டேன்.